சுண்டல் சங்கமும் சாலமன் அம்மையாரும்

எங்கள் ஊரில் ஒரு மாதர் சங்கம் உண்டு. காவிரியின் கிளை வாய்க்கால் ஒன்றின் கரையில் இருக்கும் சிற்றூர் அது. பெயரைச் சொன்னாலும் இங்கே வடநாட்டில் நம் நண்பர்களில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை, ஆகையால் விட்டுவிடுகிறேன். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலையில் பத்துப் பன்னிரண்டு பெண்மணிகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்வார்கள். என் தாயார்தாம் சங்கத் தலைவி. அவர்கள் வரத் தொடங்கியதும் அப்பா தம் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். போகிற போக்கில், "சுண்டல் சங்கம் கூடிவிட்டதா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போவார். கூட்டத்தின் முடிவில் எல்லோருக்கும் சுண்டலும் காப்பியும் கிடைக்கும். அதனால் வந்த பெயர். அந்தப் பெயரில் எனக்கும் நிரம்ப மகிழ்ச்சி. சுண்டலில் எனக்கும் பங்கு உண்டு என்பது வேறு விஷயம்.

மாதர் சங்கம் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு சிரிப்பு வருகிறது. பட்டுப் புடவை, ரோஜா மாலை, வரவேற்புரை, நன்றியுரை, புகைப்படம். சினிமாவிலும் நகைச்சுவைக் கட்டுரைகளிலும் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்துச் சிரித்திருக்கிறோம்! நானும் அந்தச் சிரிப்போடுதான் ஊரை விட்டு வந்தேன். பொது நிர்வாகம் படிக்கிற மாணவன் நான். நகரங்கள் எப்படி ஆளப்படுகின்றன, சாக்கடையும் குடிநீரும் எப்படி வருகின்றன என்பது என் பாடம். அந்தப் பாடத்துக்கும் சுண்டல் சங்கத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று கனவிலும் நான் எண்ணியதில்லை.

சென்ற டிசம்பரில் இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. ஒன்று, பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மற்றது, அமெரிக்க நகரங்களின் சீர்திருத்தம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டி நூல்நிலையத்தில் அடைந்து கிடந்தேன். இரண்டாவதை முதலில் சொல்கிறேன்.

சிகாகோ நகரத்தின் குப்பையைப் பற்றித்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். சிகாகோ என்றதும் உங்களுக்குக் குப்பை நினைவுக்கு வராது, விவேகானந்தர்தாம் வருவார். எனக்கும் அப்படியே. 1893 செப்டம்பர் 11 அன்று சர்வமத மகாசபையில் அவர் பேசியதை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டி அவரை அனுப்பினார்கள் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. ஆனால், அதே மகாசபையின் அங்கமாக, சுவாமிஜி மேடை ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, செப்டம்பர் 4 முதல் 7 வரை, யூத மாதர்களின் மாநாடு ஒன்று கூடியது என்பதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அதைக் கூட்டியவர் ஹன்னா சாலமன் என்ற அம்மையார். குப்பையைத் தேடிப் போன இடத்தில் நான் கண்டெடுத்தது இவரைத்தான்.

1858 ஜனவரி 14 அன்று சிகாகோவிலேயே பிறந்தவர் ஹன்னா. பிறந்த வீட்டுப் பெயர் கிரீன்பாம். பத்துக் குழந்தைகளில் நான்காமவர். தந்தை மைக்கேல் கிரீன்பாம் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகர். கடையைப் பார்த்தோம், காசை எண்ணினோம் என்று இருந்தவரல்லர். 1853-இல், தப்பி ஓடிவந்த அடிமை ஒருவரைப் பிடித்துச் செல்ல முயன்ற அதிகாரிகளிடமிருந்து அவரை விடுவித்த கூட்டத்துக்கு இவர் முன்னின்றார். தப்பிய அடிமையைப் பிடித்துக் கொடுப்பதே சட்டம் என்றிருந்த காலம் அது. தாயார் சாரா, யூதப் பெண்களைச் சேர்த்துத் தையல் சங்கம் ஒன்றை அமைத்தவர்களில் ஒருவர். ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பது அச்சங்கத்தின் வேலை. அந்த நாளில் அந்த ஊர் ஆண்களும் அதற்கு ஏதேனும் ஒரு பட்டப் பெயர் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஹன்னாவுக்குப் பதின்மூன்று வயதாகும்போது, 1871 அக்டோபரில், சிகாகோ தீப்பற்றி எரிந்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். லட்சம் பேர் வீடிழந்தார்கள். பெரும்பாலும் மரத்தால் கட்டிய நகரம் கண்ணெதிரே சாம்பலாகி, மறுபடி செங்கல்லாலும் இரும்பாலும் எழுந்ததை அவர் பார்த்து வளர்ந்தார். நகரம் என்பது தானாக முளைப்பதன்று, யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டுவது என்பது அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கிவிடும் போலும்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு வீடு உண்டு, கோயில் உண்டு. வேறு இடம் அநேகமாக இல்லை. ஆகவே அவர்கள் தமக்கென்று சங்கங்கள் வைத்துக்கொண்டார்கள். முதலில் இலக்கியம் படித்தார்கள். ஒருவர் கட்டுரை வாசிக்க, மற்றவர்கள் தேநீர் அருந்திக்கொண்டே கேட்டார்கள். பின்பு மெல்ல மெல்லப் பள்ளிக்கூடம், சிறைச்சாலை, தொழிற்சாலை என்று பேச்சு திரும்பியது. 1876-இல் தோன்றிய சிகாகோ மாதர் சங்கம் இவற்றுள் பெயர் பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டு ஹன்னாவும் அவர் தமக்கை ஹென்ரியட்டாவும் அதில் சேர்ந்தார்கள். அங்கே சேர்ந்த முதல் யூதப் பெண்கள் இவர்கள் இருவரே. ஹன்னாவுக்கு வயது பத்தொன்பது.

1879-இல் ஹென்றி சாலமன் என்ற வணிகரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. சில ஆண்டுகள் வீடும் பிள்ளைகளுமாகவே கழிந்தன. அவர் பியானோ நன்றாக வாசிப்பாராம். இப்படியே போயிருந்தால் நல்ல இல்லத்தரசி என்ற பெயரோடு அவர் கதை முடிந்திருக்கும். சிகாகோவில் உலகக் கண்காட்சி வந்ததோ, அவர் வாழ்க்கை திசை திரும்பியதோ!

கண்காட்சியை ஒட்டிப் பலவகை மாநாடுகள் நடத்தத் திட்டமிட்டார்கள். யூத மாதர்களின் பங்கை ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஹன்னாவிடம் வந்தது. அதுவரை அமெரிக்கா முழுவதற்குமான யூத மாதர் அமைப்பு என்று ஒன்றும் கிடையாது. யாரை அழைப்பது? பெயர்ப் பட்டியல் எங்கே? ஊர் ஊராக உள்ள யூத குருமாருக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதினார். உங்கள் ஊரில் பொதுக் காரியங்களில் நாட்டமுள்ள பெண்கள் யார் என்று கேட்டார். பதில் வந்த பெயர்களுக்கெல்லாம் மறுபடியும் கடிதம். தட்டச்சும் உதவியாளரும் இல்லாமல், குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு எழுதிய கடிதங்களாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கிடையில் யூத ஆண்களும் மகாசபையில் தங்கள் பங்குக்கு ஒரு குழு அமைத்திருந்தார்கள். இரண்டு பகுதியாரும் சேர்ந்தே செய்யலாமே என்று ஹன்னாவையும் அவர் தோழியரையும் அழைத்தார்கள். போனார்கள். எங்களுக்கு நிகழ்ச்சியில் உண்மையான பங்கு கிடைக்குமா என்று ஹன்னா முன்னதாகவே கேட்டுவைத்தார். நிகழ்ச்சி நிரல் வாசிக்கப்பட்டது. அதில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. வருகிறவர்களை வரவேற்பதும் உபசரிப்பதும் பெண்களுக்கு. நிகழ்ச்சியில் எங்களை நிரப்பச் சொன்ன பகுதி நாற்காலிகள் மட்டுமே என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாக எழுதினார்.

அவர் கூச்சலிடவில்லை. அழவும் இல்லை. இந்நிலையில் உங்களுடன் ஒத்துழைக்க நாங்கள் விரும்பவில்லை என்றார். அத்துடன் இன்னொன்றும் கேட்டுக்கொண்டார்: நாங்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தோம் என்பதையே உங்கள் நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்!

நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதலில் சொன்னேனே பொங்கல் விழா, அதற்கு நான் எழுதிய நிகழ்ச்சி நிரல் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. கவியரங்கம், அதற்குத் தலைமை, பட்டிமன்றம், அதற்கு நடுவர், இரண்டு சொற்பொழிவுகள். எல்லாம் ஆண் பெயர்கள். கடைசியில் "வரவேற்புக் குழு" என்று தலைப்பிட்டு, அதன்கீழ்க் கோலம், சந்தனம், பன்னீர், பொங்கல் பரிமாறுதல் என்று பிரித்து, நம் மாணவியர் பெயர்களையெல்லாம் அழகாக எழுதியிருந்தேன். யாரையும் அவமதிக்க வேண்டும் என்று எழுதவில்லை. யோசித்தே எழுதவில்லை, அதுதான் உண்மை. அன்று காலையில் அதைப் பார்த்த ஆராய்ச்சி மாணவி ஒருவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர், "தம்பி, மேடையில எங்க பேரு ஒண்ணும் காணோமே?" என்று கேட்டார்.

"நீங்கதானே அக்கா விழாவுக்கே அழகு" என்றேன். சாமர்த்தியமான பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "அப்ப அழகு எங்க பொறுப்பு, அறிவு உங்க பொறுப்பா? என் பேரை எடுத்துடு, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. கூட்டுக் காரியத்தில் இப்படி முறுக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று அறை நண்பனிடம் நியாயம் கேட்டேன். அவனும் என் பக்கந்தான் பேசினான். அன்று மாலையே நூல்நிலையத்தில் ஹன்னா சாலமன் அம்மையார் என்னைப் பிடித்துக்கொண்டார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் சிகாகோவில் ஒரு குழுவினர் எழுதிய அதே நிகழ்ச்சி நிரலை நானும் எழுதியிருக்கிறேன். அதுவும் ஒருவரையும் பார்த்துக் காப்பியடிக்காமல்!

நிற்க. அம்மையாரின் கதைக்குத் திரும்புகிறேன்.

ஆண்களின் குழுவை விட்டு வெளியேறிய மாதர்கள் தாங்களாகவே மாநாட்டை நடத்தினார்கள். நான்கு நாள் கூட்டம். ஹென்ரியட்டா சோல்ட், ஜோசபின் லாசரஸ் போன்றோரின் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. கடைசி நாளில், இத்துடன் கலைந்து போய்விடாமல் ஒரு நிரந்தர அமைப்பாகத் தொடர்வது என்று தீர்மானித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் யூத மாதர் தேசியக் கவுன்சில். ஹன்னாவே தலைவி. 1905 வரை அப்பொறுப்பில் இருந்தார். கவுன்சில் இன்றும் நடந்து வருகிறது.

சங்கம் தொடங்குவது சுலபம். அதை நடத்துவதுதான் கடினம் என்பது நம் மன்றத்தில் இரண்டு மாதம் பொறுப்பில் இருந்தவர்க்குக்கூடத் தெரியும். கவுன்சிலுக்குள்ளேயே சண்டை வந்தது. பழைய ஆசாரங்களைப் போற்றுவோர் ஒரு பக்கம், சீர்திருத்தக்காரர் ஒரு பக்கம். யூதருக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். ஹன்னாவின் ஆலயத்திலோ ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடந்தது. ஓய்வுநாளைப் புனிதமாகப் போற்றாதவர் யூத மாதருக்குத் தலைமை தாங்கலாமா என்று ஒரு மாநாட்டில் ஆட்சேபித்தார்கள். ஓய்வுநாளை நான் போற்றத்தான் செய்கிறேன், வாரத்தில் ஒவ்வொரு நாளையும் அப்படியே போற்றுகிறேன் என்பது அவருடைய விடை. தேர்தலில் அவரே வென்றார்.

அந்த ஆண்டுகளில் ருஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ருஷ்யாவில் 1881-இல் தொடங்கிய கலவரங்களும் அவற்றோடு சேர்ந்த வறுமையும் அவர்களைத் துரத்தின. 1881-க்கும் 1924-க்கும் இடையில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் வந்தார்கள். நியூயார்க் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவில் தனியாக வந்து இறங்கும் இளம் பெண்கள் பாடு மிகவும் மோசம். மொழி தெரியாது. முகவரி எழுதிய துண்டுக் காகிதம் ஒன்றுதான் கையில். வேலை தருகிறேன், அழைத்துப் போகிறேன் என்று இனிக்கப் பேசும் தரகர்கள் வாசலிலேயே காத்திருப்பார்கள். அவர்கள் கையில் சிக்கிய பெண் எங்கே போய்ச் சேருவாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கவுன்சில் தன் ஆட்களை அங்கே நிறுத்தியது. இத்திஷ் மொழி பேசும் பெண்கள் அவர்கள். வந்து இறங்கும் பெண்ணைத் தாய்மொழியில் அழைத்து, முகவரியைச் சரிபார்த்து, உறவினர் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று பின்னரும் விசாரித்துவந்தார்கள். முதல் முதலாக இந்த ஊர் ரயில் நிலையத்தில் இறங்கி, இந்தியும் தெரியாமல் திகைத்து நின்றபோது "தமிழா?" என்று ஒரு குரல் கேட்டதே, அந்தக் குரலை நம்மில் எத்தனை பேர் மறந்திருப்போம்?

சிகாகோவிலும் இதே வேலை நடந்தது. ஏழாவது வட்டாரத்தில் குடியேறியிருந்த ருஷ்ய யூதர்களின் நிலையை வீடு வீடாக ஆராய்ந்தார்கள். அதன் பயனாக 1897-இல் உதவி நிலையம் ஒன்றை ஹன்னா ஏற்படுத்தினார். பண உதவியோடு நில்லாமல், வேலை, வழக்கு, வாடகைத் தகராறு என்று ஒவ்வொரு குடும்பத்தின் கஷ்டத்தையும் தனித்தனியே கவனிக்கும் நிலையம் அது. சிறுவர்கள் குற்றம் செய்தால் பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை எதிர்த்துச் சிகாகோ மாதர் சங்கம் போராடியது. 1899-இல் அங்கே சிறுவர் நீதிமன்றம் ஏற்பட்டது. அமெரிக்காவிலேயே அதுதான் முதல்.

1904-இல் பெர்லினில் உலக மாதர் கவுன்சில் கூடியபோது ஹன்னாவும் பிரதிநிதியாகப் போனார். உடன் சென்றவர் பெண்கள் வாக்குரிமைப் போரின் கிழத் தலைவி சூசன் ஆன்டனி. அப்போது அவருக்கு வயது 84. அவருக்கு ஜெர்மன் தெரியாது. ஹன்னாவுக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் சரளம். பேச்சுக்களை அவ்வப்போது மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்தார். சிறுவயதில் வீட்டில் பேசிய மொழி இப்படி ஓரிடத்தில் கைகொடுக்கும் என்று யார் கண்டது!

அம்மையாரை நான் தெய்வமாக்கிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். நல்ல வசதியுள்ள வீட்டுப் பெண்மணி அவர். மேல்தட்டு ஜெர்மானிய யூதர்கள், புதிதாக வந்த ருஷ்ய யூதர்களைச் சற்றுக் குனிந்தே பார்த்தார்கள் என்ற குறை அக்காலத்திலேயே உண்டு. அதில் உண்மை இருக்கிறது. உதவி செய்கிற கை மேலே இருக்கிறது, வாங்குகிற கை கீழே இருக்கிறது. இதை மறைக்க முடியாது. அவர் சேர்ந்திருந்த சிகாகோ மாதர் சங்கமும் அப்படியொன்றும் திறந்த வீடு அன்று. ஃபேனி பேரியர் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் பெயரை 1894-இல் அங்கே முன்மொழிந்தபோது, சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஓராண்டுக்கு மேல் வாதம் செய்துதான் சேர்த்தார்கள். கதவுக்கு வெளியே நின்று தட்டியவர்களே உள்ளே போனபின் தாழ்ப்பாளைத் தேடுவதும் சங்கங்களின் சரித்திரத்தில் ஒரு பகுதிதான்.

இனி நான் தேடிப் போன குப்பைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது.

சிகாகோவின் குப்பை அந்நாளில் உலகப் பிரசித்தம். மாமிசத் தொழிற்சாலைக் கழிவு ஒரு பக்கம், லட்சக்கணக்கான வீடுகளின் குப்பை ஒரு பக்கம். ஏழைகள் வாழும் பகுதிகளை அடுத்திருந்த பள்ளங்களில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். குப்பை வண்டிக் குத்தகை, தேர்தலில் உழைத்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசு. அள்ளினாலும் பணம், அள்ளாவிட்டாலும் பணம். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1895-இல் தாமே தம் வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளர் வேலையை ஏற்று, விடியற்காலையில் வண்டிகளின் பின்னால் போனார் என்பதை என் பாடப் புத்தகமே சொல்கிறது. 1910-இல் மாதர் நகரச் சங்கம் என்று ஒன்று தோன்றியது. அதை நிறுவியவர்களில் ஹன்னாவும் ஒருவர். நகரத்தின் குப்பை எங்கே போகிறது என்று ஆராயும் வேலையை எடுத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது, பேரெடுத்த பெண்மணி. அறிக்கையை வரவழைத்துப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவரோ நீண்ட வெள்ளை ஆடை தரையில் புரள, கையில் வெயிற்குடையுடன், குப்பை மேட்டின்மேலேயே நடந்து போய்ப் பார்த்தார்.

வெள்ளை ஆடையில் ஏன் போனார் என்று நான் வெகுநேரம் யோசித்தேன். மாற்றிக்கொள்ள மறந்திருக்கலாம். அல்லது, இந்த ஆடை இங்கே என்ன கதியாகிறதோ அதேதான் இந்தத் தெருக் குழந்தைகளின் கதியும் என்று கூட வந்தவர்களுக்குக் காட்ட நினைத்திருக்கலாம். அது எப்படியாயினும், இன்னொன்றைக் கவனியுங்கள். இல்லினாய் மாநிலத்துப் பெண்களுக்கு நகரசபைத் தேர்தலில் வாக்குரிமை 1913-இல்தான் வந்தது. நகரத்தின் குப்பையை அளந்து, எங்கே கொட்டுகிறார்கள், யார் பணம் தின்கிறார்கள் என்று கணக்கெடுத்த இந்த மாதர்களுக்கு, அந்தக் கணக்கை எடுத்தபோது நகரசபை உறுப்பினரை மாற்ற ஒரு வாக்குக்கூடக் கையில் இல்லை. சங்கம் ஒன்றுதான் இருந்தது. கூடினார்கள், பேசினார்கள், குறிப்பெழுதினார்கள், மனுக் கொடுத்தார்கள், மறுபடியும் கூடினார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியின் மதில் சுவர் நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று உடனே தெரியவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அந்த மதிலோரம் பெரிய குப்பை மேடு இருந்தது. பன்றிகள் மேயும். மழைக் காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். பிறகு எப்போதோ ஒரு நாள் அது இல்லாமல் போயிற்று. எப்படிப் போயிற்று என்று நான் கேட்டதே இல்லை. நகர நிர்வாகம் படிக்கிறவன் நான்!

அன்றிரவு அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"அந்தக் குப்பையாடா? அதுக்கு நாலு வருசம் மனுப் போட்டோம். எல்லாம் நோட்டுல இருக்கு, வரும்போது பாரேன்" என்றார் அம்மா. பிறகு, "சாப்பிட்டியா? குளிருக்கு அந்தச் சால்வையப் போத்திக்கிறியா இல்லையா?" என்று வழக்கமான கேள்விகளுக்குப் போய்விட்டார்.

பொங்கல் விழா நடந்தது. நிகழ்ச்சி நிரலைத் திருத்தி எழுதினேன். அக்காவிடம் போய்ச் சாலமன் அம்மையாரின் கதையையும் சொல்லி, வருத்தமும் தெரிவித்தேன். "கதை நல்லாருக்கு. நான் பட்டிமன்றத்துல பேசறேன். நீ சந்தனக் கிண்ணத்தைப் பிடி" என்றார். பிடித்தேன். வாசலில் நின்று முந்நூறு பேருக்குச் சந்தனம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, கால் எப்படி வலிக்கும் என்பது. உள்ளே நடந்த பேச்சில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. அக்கா நன்றாகப் பேசினார் என்று பிறகு சொன்னார்கள்.

விடுமுறையில் ஊருக்குப் போனேன். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து நான்கு நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். சங்கத்தின் தீர்மானப் புத்தகங்கள். எல்லாம் அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்து. சாய்வு நாற்காலியில் அப்பா படித்துக்கொண்டிருக்க, நான் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். பெண்கள் பள்ளி மதிலை ஒட்டிய குப்பையை அகற்றக் கோரி மனுக் கொடுப்பது என்று ஒரு தீர்மானம். அடுத்த மாதம், மீண்டும் மனுக் கொடுப்பது. அதற்கடுத்த மாதம், நேரில் சென்று பார்ப்பது. அப்புறம் மீண்டும். மீண்டும். சில பக்கங்களில் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்தே பேர். ஒரு பக்கத்தில் மூன்று பேர். அந்த மாதமும் மனு போயிருக்கிறது. நான்காம் ஆண்டின் நடுவில் ஒரே வரி: குப்பை அகற்றப்பட்டது, சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டது. அதன்கீழ் அடுத்த தீர்மானம் தொடங்குகிறது, தெருவிளக்கைப் பற்றி.

சாலமன் அம்மையார் 1942 டிசம்பர் 7 அன்று சிகாகோவிலேயே காலமானார். அவர் எழுதிவைத்த வாழ்க்கை வரலாறு 1946-இல்தான் வெளிவந்தது. என் வாழ்க்கையின் துணி என்று பொருள்படும் பெயர் அதற்கு. தாயாரின் தையல் சங்கத்திலிருந்து தொடங்கியவருக்குப் பொருத்தமான பெயர். அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார். வெள்ளை உடுப்போடு குப்பை மேட்டில் ஏறினார் என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து, "துவைச்சது யாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் நான் விடை காணவில்லை.

நோட்டுக்களைத் திருப்பிக் கொடுக்கும்போது முதல் நோட்டின் பழுப்புக் காகித அட்டை கிழிந்திருப்பதைப் பார்த்தேன். புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று பிரித்தேன். உள்ளே பழைய நீல அட்டை. அதன்மேல் பெரிய எழுத்துக்களில், எட்டாம் வகுப்பில் நான் புதுப் பேனா வாங்கியபோது எழுதியது: "சுண்டல் சங்கம்". அடியில் ஒரு கிண்ணத்தின் படம்கூட வரைந்திருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், அதை மறைத்து அட்டை போட்டிருக்கிறார். பத்து ஆண்டுகளாக அந்த நோட்டைக் கூட்டத்துக்குக் கூட்டம் மடியில் வைத்துக்கொண்டு எழுதியும் இருக்கிறார்.

"அம்மா..." என்று தொடங்கினேன்.

"நாளைக்குச் சனிக்கிழமை, கூட்டம். கடைப் பக்கம் போனா அரைக் கிலோ கொண்டைக்கடலை வாங்கிட்டு வா. ராத்திரியே ஊறப் போடணும்" என்றார் அம்மா.